ஆராய்ச்சி மாணவருக்குத் துணை யார்?

திருவண்ணாமலை என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ் மக்களின் உள்ளத்தில் எழுவது கார்த்திகைத் தீபம். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் 14 கிலோமீட்டர் தூரம் மலையை வலம் வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டிய தண்ணீர், வெளிச்சம், ரயில், பஸ் முதலிய வசதிகளைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் இதே ஊரில் மற்றொரு வலமும் நடந்து வருகிறது. அதைப் பற்றி எழுதுவோரைக் காணோம். டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்யும் இளைஞர்களும் பெண்மணிகளும், தாங்கள் எழுதிய கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பிரசுரிக்கக் கூடிய யோக்கியமான ஆராய்ச்சிப் பத்திரிகை எது, எவ்விதம் எழுதினால் ஏற்பார்கள், யாரிடம் காட்டித் திருத்திக் கொள்வது என்று அறியாமல் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மலையை வலம் வந்தவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினாலும் மன நிறைவோடு வீடு செல்வார். இவர்கள் திரும்பி வந்து நிற்பது பழைய கவலையின் வாசலில்தான்.

இது பண்டிதர்களின் விவகாரம், தேச காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கலாம். சுயராஜ்யம் பெற்ற ஒரு நாடு தன்னைப் பற்றித் தானே ஆராய்ந்து, தன் வாயாலேயே உலகத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நமது கல்வெட்டுகளைப் பற்றியும், நமது மண்ணைப் பற்றியும், நமது நோய்களைப் பற்றியும் பிறர் எழுதி நாம் படிப்பது என்ற நிலை நீடிக்குமாயின், கொடி மட்டும் நம்முடையதாக இருந்து என்ன பயன்? ஆகவே இதைத் தேச விஷயம் என்றே நாம் கருதுகிறோம்.

ஒரு மாணவரின் நிலை

திருவண்ணாமலை ஜில்லாவின் கலாசாலைகளில் ஆராய்ச்சிக்குப் பதிந்து கொள்ளும் ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். வேலூரில் 2002-ல் ஏற்பட்ட திருவள்ளுவர் சர்வகலாசாலையின் கீழ் அவர் பட்டம் பெற வேண்டும். தகப்பனார் கலசபாக்கம் பக்கத்தில் மணிலாப் பயிர் செய்பவராகவோ, ஆரணியில் தறி நெய்பவராகவோ இருக்கலாம். அந்தக் குடும்பத்தில் கலாசாலை வாசலை மிதித்த முதல் மனிதர் அவரே. பகலில் எங்கேனும் ஒரு தனியார் கலாசாலையில் சொற்ப சம்பளத்துக்குப் பாடம் சொல்லிவிட்டு, இரவில் தம் ஆராய்ச்சியைக் கவனிக்கிறார். விஷயத்தில் அவருக்கு ஊக்கம் குறைவில்லை. செங்கம் பகுதியின் நடுகற்களைத் தேடி வெயிலில் ஊர் ஊராக நடந்திருப்பார். அல்லது ஜவ்வாது மலைவாசிகளின் மூலிகைகளைப் பெயர் பெயராகக் குறித்து வைத்திருப்பார். ஆனால் அவர் கண்டதை 20 பக்கத்தில், ஒரே வாதமாக, அயலூர்ப் பண்டிதர் ஒருவர் படித்து ஒப்புக்கொள்ளும்படி எழுதுவது எப்படி என்று அவருக்கு எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுத்தவர் இல்லை.

நமது கலாசாலைகளில் மாணவன் எழுதுவதெல்லாம் பரீட்சைக்கே. பரீட்சை விடையைப் படிப்பவர் விடையை முன்னமே அறிந்தவர். ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிப்பவரோ அந்த விஷயத்தை அதற்கு முன் அறியாதவர். கேட்டதற்கு விடை சொல்வது ஒரு பழக்கம். கேளாதவரைக் கேட்க வைப்பது வேறொரு பழக்கம். முதலாவதில் பதினெட்டு வருஷம் பழகிய ஒருவரை நோக்கி, இரண்டாவதை ஒரே நாளில் செய் என்று சொல்கிறோம். அது இயலாமற் போனால் மாணவருக்குத் திறமை போதாது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

விதியும் விளைவும்

ஆராய்ச்சிப் பத்திரிகை என்ற ஏற்பாடு 1665-ல் தோன்றியது. லண்டன் ராயல் சொசைட்டியின் காரியதரிசியாக இருந்த ஹென்றி ஓல்டன்பர்க் என்பவர், அறிஞர்கள் தமக்கு எழுதும் கடிதங்களைத் திரட்டிப் பத்திரிகையாக வெளியிட்டார். இன்று வழங்கும் முறை யாவரும் அறிந்ததே. பத்திராதிபருக்குக் கட்டுரை வந்ததும், அவர் அதை அத்துறையில் தேர்ந்த இருவர் அல்லது மூவருக்கு அனுப்புகிறார். அவர்கள் குற்றங்குறைகளை எழுதி அனுப்புகிறார்கள். ஆசிரியர் திருத்துகிறார், மறுபடியும் பரிசீலனை நடக்கிறது, பல மாதங்கள் கழித்துக் கட்டுரை அச்சேறுகிறது. இந்தப் பரிசீலனைக்காக அவர்களுக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது.

நமது தேசத்தில் சர்வகலாசாலை மானியக் குழு 2009-ல் ஒரு விதி செய்தது. டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், பரிசீலனை முறையுள்ள பத்திரிகையில் ஒரு கட்டுரையேனும் வெளியிட்டிருக்க வேண்டும் என்பது அது. 2016-ல் செய்த விதிகளில், அத்துடன் இரண்டு மாநாடுகளில் கட்டுரை வாசிக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. விதியின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒரு வேலையைக் கட்டாயமாக்கிய சர்க்கார், அந்த வேலையைக் கற்றுக் கொடுக்கும் பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. கிணறு வெட்டாமல் தண்ணீர் வரி போட்டது போல் ஆயிற்று.

தேவை இருக்கும் இடத்தில் வியாபாரி தோன்றுவது இயல்பு. பணம் கொடுத்தால் ஒரு வாரத்தில் எந்தக் கட்டுரையையும் வெளியிடும் போலிப் பத்திரிகைகள் காளான் போல் முளைத்தன. அவற்றின் பெயரில் 'சர்வதேச' என்ற அடைமொழி இருக்கும். பத்திராதிபர் குழுவில் பெரிய பெயர்கள் இருக்கும். பரிசீலனை மட்டும் இராது. 2013-ல் ஜான் போஹனன் என்னும் பத்திரிகையாளர், அப்பட்டமான பிழைகள் நிறைந்த ஒரு பொய்க் கட்டுரையை வேண்டுமென்றே தயாரித்து 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அவற்றுள் 157 அதை ஏற்றுக்கொண்டன. இந்த வேடிக்கையை அமெரிக்காவின் 'ஸயன்ஸ்' பத்திரிகை அம்பலப்படுத்தியது.

நமது சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2017-ல் அங்கீகரிக்கப்பட்ட பத்திரிகைகளின் ஜாபிதா ஒன்று வெளியாயிற்று. அதிலேயே போலிகள் புகுந்திருந்தபடியால் 2018 மே மாதத்தில் 4,305 பத்திரிகைகளை நீக்க நேர்ந்தது. சர்வகலாசாலைகள் சிபாரிசு செய்து அதில் சேர்ந்த பத்திரிகைகளிலிருந்து மாதிரி எடுத்து ஆராய்ந்த நமது விஞ்ஞானிகள், அவற்றில் நூற்றுக்கு 88-க்கு மேற்பட்டவை தரமற்றவை என்று அதே வருஷம் 'கரண்ட் ஸயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார்கள். பிறகு 2019-ல் 'கேர்' என்ற புதிய ஜாபிதா வந்தது. 2022 நவம்பரில் வெளியான விதிகளில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயமே அகற்றப்பட்டது. 2025 பிப்ரவரியில் 'கேர்' ஜாபிதாவும் கைவிடப்பட்டது. எது நல்ல பத்திரிகை என்று அந்தந்த ஸ்தாபனமே தீர்மானித்துக் கொள்ளட்டும் என்று சில அளவுகோல்களை மட்டும் குழு எடுத்துக் கூறியது.

கட்டாயம் போய்விட்டதே, இனி மாணவருக்குக் கவலை என்ன என்று எண்ணுவது தவறு. மத்திய விதி தளர்ந்தாலும் தனித்தனி சர்வகலாசாலைகள் தமது விதியை வைத்துக்கொள்ளத் தடையில்லை. உத்தியோகத்துக்குப் போட்டி வரும்போது பிரசுரங்களைக் கணக்கெடுக்கிறார்கள். முன்பு ஜாபிதாவைப் பார்த்தாவது வழி தெரிந்தது; இன்று மாணவரும் அவரது ஆசிரியரும் தம் பகுத்தறிவையே நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே உதவி செய்ய வேண்டிய பொறுப்பு முன்னைவிட இப்போதுதான் கலாசாலைகளின் தலைமேல் நேராக வந்து விழுந்திருக்கிறது.

திருக்கோவிலூரில் நடந்தது

இந்த உதவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மேல்நாட்டு உதாரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. திருவண்ணாமலையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில், விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதையில் இருக்கும் திருக்கோவிலூரில் 1910-ல் ஒரு சம்பவம் நடந்தது. அவ்வூரில் அப்போது டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி அய்யர். 1907-ல் இந்திய கணித சங்கத்தை ஸ்தாபித்தவர் அவரே. அவர் முன்னிலையில் ஓர் ஏழை வாலிபர் வந்து நின்றார். கலாசாலைப் பரீட்சையில் தேறாதவர், ஜீவனத்துக்கு வழியில்லாதவர். கையில் கணக்குகள் நிரம்பிய ஒரு நோட்டுப் புத்தகம். தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதும் என்று கேட்டார். அவர்தான் ஸ்ரீனிவாஸ ராமானுஜன்.

ராமஸ்வாமி அய்யர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அந்த வேலையைக் கொடுத்திருந்தால் அன்றைய தினம் ராமானுஜன் மகிழ்ந்திருப்பார். கணித உலகம் நஷ்டமடைந்திருக்கும். கடைநிலை ரெவின்யூ உத்தியோகத்தில் இந்த மேதையை அமுக்கிவிட மனம் இல்லாமல், அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னையிலுள்ள தம் நண்பர்களிடம் அனுப்பி வைத்தார். அங்கே பி. வி. சேஷு அய்யர் அவரை ஆதரித்தார். 1911 பிப்ரவரியில் சங்கத்தின் பத்திரிகையில் ராமானுஜனின் பெயர் முதன் முதலாக, சேஷு அய்யர் மூலம் அனுப்பப்பட்ட வினாக்களின் வடிவில் வெளிவந்தது. அதே வருஷக் கடைசியில் பெர்னூலி எண்களைப் பற்றிய முதல் நீண்ட கட்டுரை வெளியாயிற்று.

அந்தக் கட்டுரை வெளிவந்த விதத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பத்திராதிபராக இருந்தவர் பெங்களூர் ஸென்ட்ரல் காலேஜ் ஆசிரியர் எம். டி. நாராயண அய்யங்கார். ராமானுஜனின் முறைகள் புதுமையாகவும் மிகச் சுருக்கமாகவும் இருந்தன. எழுதிய விதத்தில் தெளிவு இல்லை. சாதாரண வாசகரால் பின்பற்ற முடியவில்லை. அதற்காக அய்யங்கார் கட்டுரையைக் குப்பையில் போடவில்லை. மேதை எழுதியது என்று அப்படியே அச்சிடவும் இல்லை. திருத்தும்படி திரும்பத் திரும்ப அனுப்பி, வாசகருக்கு விளங்கும் வடிவம் வந்த பிறகே வெளியிட்டார். கணிதம் ராமானுஜனுடையது, அதை மற்றவர் படிக்கும்படி எழுதுவதில் பத்திராதிபரின் பொறுமையும் கலந்திருந்தது. 1913-ல் கேம்பிரிட்ஜிலிருந்த மற்றிரு பேராசிரியர்கள் பொருட்படுத்தாத கடிதத்தை ஜி. எச். ஹார்டி படித்ததும், சென்னை சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்ததும் இதற்குப் பின்னரே.

1914-ல் இங்கிலாந்து சென்ற ராமானுஜனுக்கு, நிரூபணத்தை முறையாக எழுதும் வழக்கத்தை ஹார்டி அருகிருந்து கற்பித்தார். 1915-ல் லண்டன் கணித சங்கம் அவரது நீண்ட கட்டுரையை வெளியிட்டது. அந்த ஆராய்ச்சிக்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. யுத்த காலப் பண முடையினால் அக்கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சாகாமல் நின்று, 1997-ல்தான் வெளிவந்தது. ராமானுஜன் போன்றவருக்கே எழுதுவதில் இத்தனை பேர் துணை வேண்டியிருந்தது. அப்படியிருக்க, கலசபாக்கத்து மாணவர் தனியே எழுதிக்கொள்ளட்டும் என்று விடுவது எந்த நியாயம்?

சர் சி. வி. ராமன் சென்னை ராஜதானிக் கலாசாலையில் மாணவராக இருந்தபோதே, 1906-ல், தமது 18-வது வயதில், லண்டன் 'பிலாஸபிகல் மாகஸீன்' பத்திரிகையில் கட்டுரை வெளியிட்டார் என்பது வாஸ்தவம். தாமே நீந்திக் கரையேறுவோர் எப்போதும் சிலர் உண்டு. ஆனால் அந்த ராமனே பிற்காலத்தில் 1926-ல் கல்கத்தாவில் 'இந்தியன் ஜர்னல் ஆப் பிஸிக்ஸ்' பத்திரிகையை ஆரம்பித்தார். 1928-ல் ஒளியைப் பற்றிய அவரது மகத்தான கண்டுபிடிப்பு விரிவாக அச்சானதும் அந்த இந்தியப் பத்திரிகையில்தான். 1930-ல் நோபல் பரிசு வந்தது. நம்மவர் எழுத நம்முடைய மேடை வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நம் முன்னோர் கண்ட வழி

எழுதுவதற்கும் பரிசீலிப்பதற்கும் இலக்கணம் வகுப்பது தமிழர்க்குப் புதிதன்று. நூலை அறிஞர் அவையில் அரங்கேற்றி, எழுந்த ஆட்சேபங்களுக்கு விடை கூறிய பின்னரே அது உலவ வேண்டும் என்பது நமது பழைய வழக்கம். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலின் முகப்பில் சொல்ல வேண்டியவை இவை என்று எட்டுப் பொருள்களை அடுக்குகிறார். இயற்றியவர் யார், எந்த முன்னூலின் வழி வந்தது, அது வழங்கும் எல்லை எது, பெயர் என்ன, எம்முறையில் அமைந்தது, எதைப் பற்றிப் பேசுகிறது, யார் கேட்பதற்கு, கேட்டதனால் வரும் பயன் என்ன என்பவையே அவை. இன்று மேல்நாட்டுப் பத்திராதிபர்கள் கட்டுரைச் சுருக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பவை ஏறக்குறைய இவைதாமே! 'யார் கேட்பதற்கு, என்ன பயன்' என்ற கடைசி இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதாமல் அனுப்பப்படும் கட்டுரைகளே பெரும்பாலும் பரிசீலனைக்கே செல்லாமல் திரும்பி வருகின்றன.

அதே நன்னூலில் நூலின் பத்துக் குற்றங்கள் சொல்லப்படுகின்றன. வேண்டியதைக் குறைத்துச் சொல்லுதல், வேண்டாததைப் பெருக்குதல், சொன்னதையே சொல்லுதல், முன்னுக்குப் பின் முரணுதல், எடுத்த பொருளை விட்டு மற்றொன்றை விரித்தல் ஆகியன அவற்றுள் சில. ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை அப்படியே வெட்டிக் கட்டுரையாக அனுப்பும் மாணவர்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்தவர்கள், இந்த ஜாபிதா அவர்களைப் பார்த்தே எழுதியது போலிருக்கிறது என்று சிரிப்பார்கள். எழுவகை மதம் என்று நன்னூல் கூறுவதும் அப்படியே. பிறர் கொள்கைக்கு உடன்படுவதா, மறுப்பதா, முதலில் ஏற்றுப் பின் களைவதா, இருவர் மாறுபட்ட இடத்தில் ஒன்றைத் துணிவதா, தன் கொள்கையைத் தானே நாட்டி நிறுத்துவதா என்று எழுதுகிறவன் தன் நிலையை முதலில் தீர்மானிக்க வேண்டும். இந்தத் தீர்மானம் இல்லாத கட்டுரையில் தகவல் இருக்கும், வாதம் இராது. தமிழ் இலக்கணம் படித்த மாணவர்க்கு இவை மனப்பாடம். அதைத் தம் கட்டுரைக்குப் பிரயோகிக்கலாம் என்று எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

நாம் கூறும் யோசனைகளுக்குப் பெரும் பணம் தேவையில்லை. திருவண்ணாமலைக் கலாசாலைகளில் ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஓர் அறையில் கூடட்டும். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தாம் எழுதியதை மற்றவருக்கு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். கூடியவர்கள் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் இன்றி மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை கூறட்டும்: இக்கட்டுரை சொல்ல வந்த ஒரே விஷயம் எது? அதற்குக் காட்டிய சான்று போதுமா? எந்த இடத்தில் படிப்பது தடைப்பட்டது? சரித்திர மாணவரின் கட்டுரையை ரசாயன மாணவர் படிப்பதனால் நஷ்டமில்லை. அவருக்கு விளங்காத இடம் பெரும்பாலும் எழுதியவருக்கே தெளிவில்லாத இடமாகத்தான் இருக்கும்.

அடுத்தபடியாக, எழுதி முடித்த பின் பத்திரிகையைத் தேடும் வழக்கம் ஒழிய வேண்டும். எந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறோம் என்பதை முதலிலேயே நிர்ணயித்து, அதன் சமீபத்திய இதழ்கள் நாலைந்தைப் படித்து, அங்கே நடந்துகொண்டிருக்கும் விவாதம் எது, அதில் நம் கட்டுரை எந்த இடத்தில் நுழைகிறது என்று அறிந்துகொண்டு எழுத வேண்டும். பத்திரிகைகளை வாங்கப் பணமில்லை என்ற குறை முன்பு நியாயமானது. இப்போது மத்திய சர்க்கார் 'ஒரே தேசம், ஒரே சந்தா' என்ற திட்டத்தில் 2025 முதல் 2027 வரை மூன்று வருஷங்களுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. 30 பிரசுரகர்த்தர்களின் ஏறக்குறைய 13,000 பத்திரிகைகளை, சர்க்காரின் கீழுள்ள 6,300-க்கு மேற்பட்ட ஸ்தாபனங்களில் படிக்கலாம். இந்த வசதி தம் கலாசாலைக்கு வந்திருக்கிறதா, எப்படிப் பயன்படுத்துவது என்று ஒவ்வொரு மாணவரும் தம் புஸ்தகசாலையில் விசாரிக்க வேண்டும். விசாரிப்போருக்குக் காட்டிக் கொடுப்பது புஸ்தகசாலை அதிகாரியின் கடமை.

மூன்றாவது, போலியை அடையாளம் காணும் பழக்கம். பத்திராதிபர் குழுவில் பெயர் உள்ளவர் ஒருவருக்கு நேரில் எழுதிக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். சில நாட்களில் ஏற்பு நிச்சயம் என்று வாக்களிப்பதும், சூரியனுக்குக் கீழுள்ள எல்லா விஷயங்களையும் ஒரே பத்திரிகையில் வெளியிடுவதும், பரிசீலனைக்கு முன்பே பணம் கேட்பதும் கெட்ட அறிகுறிகள். பணம் கேட்பதெல்லாம் போலி என்றும் சொல்ல முடியாது. யாவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவதற்காக உலகப் புகழ் பெற்ற 'நேச்சர்' பத்திரிகை 2021 முதல் 9,500 யூரோ வரை கட்டணம் விதித்தது. அத்தகைய தொகை நமது மாணவருக்கு எட்டாக் கனி. ஆனால் ஆசிரியரிடம் ஒரு காசும் வாங்காத நல்ல பத்திரிகைகள் எல்லாத் துறைகளிலும் இருக்கின்றன. அவற்றின் பெயர்களைத் துறை தோறும் தொகுத்து, வருஷம் ஒரு முறை திருத்தி, கலாசாலைச் சுவரில் ஒட்டி வைப்பது ஆசிரியர்களால் ஆகாத காரியமா?

நான்காவது, பரிசீலகரின் ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதும் பயிற்சி. குறைகள் நிறைந்த கடிதம் வந்தவுடன் மனம் உடைந்து கட்டுரையைப் பெட்டியில் போட்டு மூடிவிடும் மாணவர்கள் ஏராளம். திருத்தி அனுப்பு என்ற கடிதம் உண்மையில் நல்ல செய்தி. ஒவ்வோர் ஆட்சேபத்தையும் தனியே எடுத்துக்கொண்டு, ஏற்றது எது, எங்கே திருத்தினோம், ஏற்காதது எது, ஏன் என்று மரியாதையாக வரிசைப்படுத்தி எழுத வேண்டும் என்று ஒருவர் பக்கத்தில் இருந்து சொன்னால் போதும். பாதி யுத்தம் முடிந்துவிடும்.

வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. மாணவரின் கட்டுரையைப் படிக்காமலே தம் பெயரை அதில் சேர்க்கச் சொல்லும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது அறம் அன்று. உழைத்தவர் பெயரை விடுவது எவ்வளவு தவறோ, உழைக்காதவர் பெயரை இடுவதும் அவ்வளவு தவறு. இப்போது கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் யந்திரங்களும் வந்துவிட்டன. பாஷையைச் செப்பனிட அவை உதவலாம்; ஆனால் இல்லாத நூல்களை இருப்பதாக மேற்கோள் காட்டும் துர்க்குணம் அவற்றுக்கு உண்டு. 2023-ஆம் வருஷத்தில் மட்டும் உலகமெங்கும் 10,000-க்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள், பெரும்பாலும் மோசடி காரணமாக, பிரசுரமான பின் வாபஸ் பெறப்பட்டன. அந்த ஜாபிதாவில் ஒரு முறை பெயர் ஏறினால் அழிப்பது கடினம். மாணவர் தவறு செய்தார் என்று பின்னால் தண்டிப்பதைவிட, முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அவரது பிரதியைப் படிப்பது ஆசிரியருக்கு அழகு.

சில ஆட்சேபங்கள்

உதவி செய்தால் மாணவரின் சொந்தத் திறமை எப்படி விளங்கும் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். அவர்களுக்கு நமது விடை நாராயண அய்யங்காரின் உதாரணமே. அவர் ராமானுஜனுக்காக ஒரு சூத்திரமும் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. விளங்கவில்லை என்று உண்மையைச் சொல்லி, விளங்கும்படி எழுதச் செய்தார். வேறொருவர் எழுதிக் கொடுப்பது மோசடி. எழுதியதைப் படித்துக் குறை சொல்வது கல்வி. இந்த எல்லைக்கோடு குழந்தைக்கும் தெரியும்.

தமிழில் ஆராய்ச்சி செய்வோர் எங்கே போவது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார், 1902-ல் ரா. ராகவையங்காரைப் பத்திராதிபராகக் கொண்டு 'செந்தமிழ்' வெளிவந்தது. நமது மொழியிலேயே ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதலாம், எழுதியதை மறுக்கலாம், மறுப்புக்கு மறுப்பு எழுதலாம் என்பதை அது நிலைநாட்டியது. அந்தப் பரம்பரையைக் காப்பாற்ற வேண்டிய நாம், தமிழ்க் கட்டுரை என்றால் பரிசீலனை வேண்டாம் என்று அலட்சியமாக இருந்துவிட்டோம். தமிழ்ப் பத்திரிகைகள் தரத்தை உயர்த்தி, ஆட்சேபங்களை எழுத்தில் கொடுத்து, நிராகரிப்பதற்கும் காரணம் சொல்லும் வழக்கத்தை மேற்கொண்டால், தமிழ் மாணவர் போலிகளின் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

திருவண்ணாமலைக்கே உரிய உதாரணம் ஒன்று உண்டு. இவ்வூர்க் கோயிலையும், அதன் கல்வெட்டுகளையும், விழாக்களையும், நகரத்தின் அமைப்பையும் பற்றி 1989 முதல் 1999 வரை பல பாகங்களாக ஒரு பெரிய ஆராய்ச்சி வெளிவந்தது. புதுச்சேரியைத் தலமாகக் கொண்ட பிரெஞ்சு அறிஞர்கள் அதைச் செய்தார்கள். கல்வெட்டுப் பகுதியைப் பதிப்பித்தவர் பி. ஆர். ஸ்ரீநிவாஸன். மற்றப் பாகங்கள் பிரெஞ்சு பாஷையில் இருக்கின்றன. அந்த அறிஞர்களின் உழைப்புக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆயினும் தேரடியில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவர், தம் ஊரைப் பற்றிய ஆராய்ச்சியைப் படிக்கப் பிரெஞ்சு கற்க வேண்டியிருக்கிறது என்பதை நினைக்கும்போது நமக்குச் சிறிது வெட்கம் உண்டாகாமற் போகாது. செங்கம் நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் இலாகா 1972-ல் நூலாக வெளியிட்டது. அந்த வேலை அதோடு முடிந்துவிடவில்லை. செய்ய வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது. அதைச் செய்யக் கூடியவர்கள் அங்கேயே பிறந்த பிள்ளைகள்தாம்.

முடிவாக நாம் சொல்வது இது. வாசகர்களில் பலர் கலாசாலைகளோடு சம்பந்தமுள்ளவர்கள். பலர் ஊர்ப் பொதுக் காரியங்களில் முன் நிற்பவர்கள். புஸ்தகசாலையில் ஓர் அறையைத் திறந்து விடுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்து வாருங்கள். மாணவர்களை வாரம் ஒரு நாள் கூடச் செய்யுங்கள். திருக்கோவிலூர் டிப்டி கலெக்டர் ராமானுஜனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். பிறகு ஒரு கடிதம் எழுதினார். அவர் செய்ததை நம்மில் யாரும் செய்யலாம். திருவண்ணாமலையில் இன்று இரவும் ஒரு நோட்டுப் புத்தகம் யாரேனும் பிரித்துப் பார்க்க மாட்டார்களா என்று காத்துக் கொண்டிருக்கிறது. அதைப் பிரித்துப் படிக்க முன்வருவோர் யார்?